வேகத்தடையில் அடங்கும் பாட்டு

வந்ததும் வராததுமாக அவன் எங்கள் கடையின் கண்ணாடி அலமாரியை உடைத்தான். கையால்தான். உள்ளே அடுக்கியிருந்த ஸ்பீக்கர்கள்மேல் சில்லுகள் கொட்டின. அவனுடைய விரல் முட்டியிலிருந்து ரத்தம் சொட்டியது. அதை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எத்தினி கடை ஏறி எறங்கறது? ஒருத்தனுக்கும் தெரியல. நீங்க இன்னா புடுங்கப் போறீங்க?" என்று கேட்டான்.

என்னைவிட வயதில் மூத்தவன். 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று கடைசியில் உங்களுக்கே தெரியும்.

மூலக்குளத்தில் வில்லியனூர் சாலையைப் பார்த்த மாதிரி எங்கள் கடை. காரோ, பைக்கோ, டிராக்டரோ, எது வந்தாலும் ஸ்டீரியோ மாட்டித் தருவோம். வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசிச் சிரித்து அனுப்புவது என் கணவரின் வேலை. ஒயர் வேலை முழுக்க என்னுடையது. என் கை சின்னது, டேஷ்போர்டுக்குள் முழங்கை வரை போகும். நான் ஸ்குரூ டிரைவரோடு நிற்கும்போதே "மெக்கானிக் இல்லியா?" என்று கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கு என்ன பதில் சொல்வேன் என்பதை இங்கே எழுத முடியாது.

அவனுக்கும் அந்தக் குரலில்தான் பதில் சொன்னேன். "கண்ணாடி ஒடைக்கிறதுக்குக் கடை தேடுறியா, ஸ்டீரியோ பாக்கக் கடை தேடுறியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு." என் கையில் டெஸ்ட் லேம்ப் இருந்தது. அதன் ஊசி முனையை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

என் கணவர் குறுக்கே வந்து நின்றார். "அண்ணே, குந்துங்கண்ணே. டீ சொல்றேன்ணே." அவர் எல்லோரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவரைவிடச் சின்னவன் வந்தாலும் அண்ணே, போலீஸ்காரர் வந்தாலும் அண்ணே. எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். வாய் பழகிப்போய்விட்டது.

பாகூர்ப் பக்கத்துக்காரன் அவன். வண்டி பெரியது, வெளிநாட்டு டூரிங் வண்டி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா வீட்டுப் பிள்ளை லீவில் வந்தபோது ஓட்டிவிட்டு விற்றுப் போன வண்டி. பின்னால் உட்காருகிறவர் சாய்ந்துகொள்ள சோபா மாதிரி முதுகு, இரண்டு பக்கமும் பூட்டுப் போட்ட பெட்டி, முன்னாலும் பின்னாலும் ஸ்பீக்கர். அது வந்து நின்றால் கடை வாசலில் வேறு வண்டிக்கு இடம் இருக்காது.

அந்த ஸ்டீரியோவில் ஒரு வசதி உண்டு. வேகமாகப் போகும்போது காற்றிரைச்சலில் பாட்டு கேட்காது அல்லவா? அதனால் வேகம் கூடக்கூட அதுவே சத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். வேகம் குறைந்தால் குறைத்துக்கொள்ளும். ஆட்டோ வால்யூம் என்போம். அவன் வண்டியில் கூட்டுவது ஒழுங்காக நடந்தது. குறைப்பதில்தான் கோளாறு. வேகத்தடையில் வண்டி நகர்ந்துகொண்டிருக்கும்போதும் பாட்டு அலறும். பிறகு சாவகாசமாக இறங்கும். சில சமயம் இறங்கவே இறங்காது.

இதற்கா என் கண்ணாடியை உடைத்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவன் சட்டைக் காலரை இழுத்துக் காட்டினான். காதுக்குக் கீழே ஆரம்பித்துத் தோள்பட்டை வரை ஒரு தழும்பு. தையல் போட்டவர் அவசரத்தில் போட்டிருக்க வேண்டும். சதை ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது.

"ஸ்பீடு பிரேக்கர்ல ஸ்லோ பண்ணேன். பாட்டு ஓடிக்கினு இருந்திச்சு. பின்னால வண்டி வந்தது கேக்கல. என் மச்சான் பின்னால குந்தியிருந்தான்."

அந்த மச்சான் வெட்டில் செத்துப்போனான். எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். வெட்டு விழுந்த மறுநாள் பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது ரோட்டில் மண்ணைக் கொட்டி மூடியிருந்ததை நானே பார்த்தேன். மண்ணையும் மீறி ஓரத்தில் ஈ மொய்த்தது. ஏதோ ஒரு வரப்புத் தகராறில் ஆரம்பித்த பகை. யார் முதலில் கைவைத்தது என்று இரண்டு பக்கமும் இப்போது வேறு வேறு கதை சொல்கிறார்கள். வெட்டு மட்டும் நிற்கவில்லை. ஓடுகிற வண்டியை வெட்ட முடியாது. அதனால் வெட்டுகிறவர்கள் வேகத்தடைக்குப் பக்கத்தில் காத்திருப்பார்கள், இல்லாவிட்டால் பின்னாலேயே வந்து வேகத்தடையில் பிடிப்பார்கள்.

"அப்ப பாட்ட நிறுத்திட்டு ஓட்டு" என்றேன்.

மீசையை எடுத்துவிடு என்று சொன்ன மாதிரி என்னைப் பார்த்தான். "பாகூர்லேந்து வில்லியனூர் வரிக்கும் பாட்டு கேட்டா நான் வர்றேன்னு அர்த்தம்மா. எல்லாருக்கும் தெரியும். பாட்டு நின்னா இன்னா சொல்லுவானுங்க? பயந்துட்டான்னு சொல்லுவானுங்க. பயந்துட்டான்னு தெரிஞ்சா ரோட்டுக்கு வர மாட்டானுங்க, வூட்டுக்கே வருவானுங்க."

ஓடும்போது ஊருக்குக் கேட்க வேண்டும். மெதுவானதும் அவன் காதுக்குப் பின்னால் வருகிற வண்டி கேட்க வேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்டது. அவன் கழுத்து தப்புவது அந்தச் சத்தம் இறங்குகிற நேரத்தில் இருந்தது. முந்தின கடைக்காரர் "செட்டிங்ஸ்தான் சார்" என்று சொல்லிக் காதோடு அறை வாங்கியிருந்தார்.

செட்டிங்ஸை நானும் பார்த்தேன். பார்க்காமல் எப்படி? ஆட்டோ வால்யூமைக் குறைந்த அளவில் வைத்தேன், நடு அளவில் வைத்தேன், அணைத்துப் போட்டேன். வண்டியை நிறுத்தி வைத்துப் பார்த்தால் இந்த வியாதி தெரியாது. ஓட வேண்டும், காது பக்கத்தில் இருக்க வேண்டும். நான் சோபா சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

என் கணவரின் முகம் சுண்டிப்போனது. "நான் போறேன் மே." என்னை அவர் கூப்பிடுவது மே என்றுதான்.

"உங்களுக்கு இன்னா கேக்கணும்னு தெரியுமா?"

தெரியாது. ஒதுங்கி வழிவிட்டார்.

வில்லியனூர்ப் பக்கம் விட்டான். குத்துப்பாட்டு ஒன்று ஓடியது. வேகம் ஏற ஏற அது என் நெஞ்சுக்குள் இடித்தது. எனக்கு நேராக அவன் கழுத்துத் தழும்பு. அவன் ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியைப் பார்த்ததுதான் அதிகம். முதல் வேகத்தடையில் வண்டி அடங்கியது, பாட்டு அடங்கவில்லை. மேடு ஏறி இறங்கிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் மெல்ல இறங்கியது. இரண்டாவது வேகத்தடை தூங்குமூஞ்சி மரங்களுக்கு அடியில். அங்கே பாட்டு இறங்கவே இல்லை. கத்திக்கொண்டே இருந்தது. எனக்கு முதுகு கூசியது. யாராவது இப்போது பின்னால் வந்தால் என் முதுகுதானே முதலில் என்ற நினைப்பு வந்தது.

யாரோ வரவும் செய்தார். மீன்காரர். மொபெட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, ஹாரன் அடித்தபடி வலது பக்கம் ஒதுங்கி முந்தப் பார்த்திருக்கிறார். எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு நிழல் ஆடியதுதான் தெரியும். அவன் திரும்பிப் பார்க்காமலே காலைத் தூக்கி உதைத்தான்.

மொபெட், பெட்டி, மனிதர் எல்லாம் ஓரத்துப் பள்ளத்தில் போய் விழுந்தன. சங்கரா மீனும் நெத்திலியும் சேற்றில் சிதறின. அவர் முழங்கால் பிளந்து வெள்ளையாகத் தெரிந்தது. அவன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, மறுபடி மிதிக்கப் போனான். நான் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்தது. "மீன்காரருய்யா! யோவ், கண்ணு தெரியல? மீன்காரரு!" என்று அவன் காதில் கத்தினேன். முதுகில் குத்தினேன். அவன் கண்ணைப் பார்த்தேன். எதிரில் கிடப்பது ஒரு மனிதன் என்பதே அந்தக் கண்ணுக்குப் புரியவில்லை. புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

புரிந்ததும் பள்ளத்தில் இறங்கிக் குந்தி, மீனை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். சேற்றை வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பெட்டியில் போட்டான். மீன்காரர் வலியை மறந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. வந்திருக்கவே கூடாது.

திரும்பி வரும்போது என் மண்டைக்குள் ஒரு கணக்கு ஓடியது. இவன் கெட்டவன் என்பதைவிட மிரண்டவன் என்பதுதான் சரி. பாட்டு சரியான நேரத்தில் அடங்கினால் பின்னால் வருவது கேட்கும். கேட்டால் திடுக்கிட மாட்டான். திடுக்கிடாவிட்டால் மீன்காரரை உதைக்க மாட்டான். இதைச் சரிசெய்தால் இவன் கழுத்து மட்டுமல்ல, இவனுக்குப் பின்னால் வருகிற ஊர்க்காரர்களும் பிழைப்பார்கள். இப்படி நினைத்துத்தான் அந்த வேலையில் இறங்கினேன்.

கடையில் வண்டியைப் பெரிய ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, கியரில் போட்டுப் பின்சக்கரத்தை ஓடவிட்டேன். மீட்டர் முள் ஏறியது. பாட்டு ஒரு பொட்டுக்கூட ஏறவில்லை. அப்போதே பாதி விளங்கிவிட்டது. இந்த ஸ்டீரியோ சக்கரத்தைக் கேட்கவில்லை, வேறு யாரையோ கேட்கிறது. முன்மூடியைக் கழற்றினேன். கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புப் பொத்தான் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. ஜிபிஎஸ். மேலே சுற்றுகிற சாட்டிலைட்டைப் பார்த்து வேகத்தைக் கணக்குப் போடுகிற சாமான். அந்தக் கணக்கு வந்து சேரத் தாமதமாகும். மரத்தடியில் சிக்னல் விட்டுப்போனால் கடைசியாகத் தெரிந்த வேகத்தையே பிடித்துக்கொண்டு தொங்கும். வண்டி நின்றுவிட்டதைப் பாட்டுக்கு யாரும் சொல்லவில்லை. சக்கரத்திலிருந்து வேகத்தை வாங்க வேண்டிய ஒயரை எவனோ வெட்டி, டேப் சுற்றி, உள்ளே திணித்து வைத்திருந்தான். சோம்பேறி. அவன் மட்டும் கையில் கிடைத்தால் அந்த டேப்பையே வாயில் சுற்றியிருப்பேன்.

அந்த ஒயருக்குச் சக்கரத்தின் வேகத்தைச் சொல்ல ஒரு காந்தமும் சென்சாரும் வேண்டும். சென்னையிலிருந்து வரவழைத்தேன். வந்ததும் அவனுக்குச் சொல்லி அனுப்பினோம். காலையிலேயே வந்துவிட்டான்.

ஆம்ப்ளிஃபயர் வலது பக்கப் பெட்டியின் அடியில் இருந்தது. பெட்டியைக் காலி பண்ணச் சொன்னேன். மழைக்கோட்டு, தண்ணீர் பாட்டில், அப்புறம் நீளமாக ஒரு மூட்டை. பச்சைக் கரை போட்ட துண்டில் சுற்றி இரண்டு பக்கமும் முடிந்திருந்தது. அவனே எடுத்து என் மேஜைமேல் வைத்தான். டங்கென்று ஒலித்தது. என்ன என்று யாரும் கேட்கவில்லை. என் கணவர் நின்ற இடத்திலேயே கால்களை மாற்றி மாற்றி வைத்தார்.

அதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒருமுறை ஒருவன் வண்டியை வேலைக்கு விட்டு எடுத்தபோது, சீட்டுக்கடியில் இருந்த பையை எங்களிடம் மறந்துவிட்டுப் போனான். வந்து வாங்கிக்கொள்வான் என்று அலமாரிமேல் எடுத்து வைத்தோம். போலீஸ்தான் வந்தது. பைக்குள் கத்தி, கத்தியில் காய்ந்த ரத்தம். அவன் அகப்படுகிறவரை என் கணவரை உட்காரவைத்து உள்ளங்காலில் அடித்தார்கள். செருப்புப் போட முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார் பல நாள். அன்றிலிருந்து எங்கள் கடைக்கு ஒரே ஒரு சட்டம். யார் எதை மறந்து போனாலும் அது கடையில் தங்கக் கூடாது. ஹெல்மெட்டோ, டிபன் பாக்ஸோ, உடனே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்க் கொடுத்துவிட வேண்டும். வில்லியனூர் தாண்டி, ஒதியம்பட்டு தாண்டிக்கூடத் துரத்திப் போய்க் கொடுத்திருக்கிறார். எங்கள் வாடிக்கையாளர்களுக்கு இது ஒரு தமாஷ். அவருக்குத் தமாஷ் இல்லை.

காருக்கு ஸ்பீக்கர் பார்க்க ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வந்தது. நான் காலி அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து மூட்டைமேல் கவிழ்த்தேன்.

காந்தத்தை முன்சக்கரத்தில் பொருத்தி, சென்சாரை ஃபோர்க்கில் கட்டி, ஒயரை மேலே இழுத்துக் கொடுத்தேன். இஞ்சினைப் போட்டதும், நின்ற இடத்திலேயே பாட்டு வீறிட்டது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் அது இன்னும் கத்தியது.

"இன்னாம்மா இது, நிக்கசொல்லவே கத்துது?" ஸ்டூலை எட்டி உதைத்தான். அது பறந்து போய் ஷட்டரில் மோதியது. கைக்குழந்தை அழுதது. அந்தக் குடும்பம் எழுந்து போனது.

கையிலிருந்த கட்டிங் பிளேயரை அவன் காலடியில் விட்டெறிந்தேன். "இன்னொரு தபா எதையாவது ஒதைச்சே, எல்லா ஒயரையும் புடுங்கிக் கையில குடுத்துடுவேன். கட்டிக்கினு போ. எவன் வெட்டினாலும் எனக்கு இன்னா?"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து பிளேயரை எடுத்து என்னிடம் நீட்டினான்.

கோளாறு எனக்குத் தெரிந்ததுதான். ஒயர் ஸ்பார்க் பிளக் ஒயரை ஒட்டிப் போயிருந்தது. இஞ்சின் துடிப்பையெல்லாம் சக்கரம் சுற்றுவதாக எடுத்துக்கொண்டது. ஒயரை அந்தப் பக்கம் மாற்றி, மேலே கம்பிவலை சுற்றி, வலையை பாடியில் எர்த் கொடுத்தேன். ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் ஒயர் இழுபட்டது. அதற்கும் தளர்வு விட்டேன். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றினேன். பாட்டு எழுந்தது. இன்னும் வேகமாகச் சுற்றினேன், இன்னும் எழுந்தது. உள்ளங்கையால் டயரைப் பிடித்து நிறுத்தினேன். அந்தக் கணமே பாட்டு அடங்கிவிட்டது. கீழ் அளவை ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் வைத்திருந்தேன். எதிர்க்கடையில் டீ ஆற்றுகிற சத்தம் கேட்டது.

அவன் பக்கத்தில் வந்து குந்தினான். தானே சுற்றினான், தானே பிடித்தான். மறுபடி சுற்றினான். புது பொம்மை கிடைத்த குழந்தை மாதிரி விடவே இல்லை. கண் கலங்கியிருந்தது. "இனிமே எவன் வந்தாலும் கேக்கும்மா" என்றான். எனக்கும் பெருமை தாங்கவில்லை. பொய் சொல்லக் கூடாது, அன்று அந்த வேலையை நினைத்து நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன்.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பினான். கடைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வேகத்தடை உண்டு. அங்கே அவன் மெதுவானான். பாட்டு அப்படியே அமுங்கியது. ஏறி இறங்கியதும் பாட்டு எழுந்தது. திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கி ஆட்டினான். திரும்பி வரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் அப்படியே வில்லியனூர்ப் பக்கம் போய்விட்டான்.

மேஜையைச் சுத்தம் பண்ணப் போன என் கணவர் அட்டைப்பெட்டியைத் தூக்கினார். பச்சைக் கரைத் துண்டு.

போன் போட்டார். ஓடுகிற வண்டியில், அந்தப் பாட்டில், எவன் எடுப்பான்? நான் வாயைத் திறப்பதற்குள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மூட்டையை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். உள்ளங்கால் அடி அவரை ஓட்டியது. நான் கருவிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தேன்.

வெயில் சாயும் நேரத்தில் மேற்கே பாட்டு கேட்டது. அதே குத்துப்பாட்டு. தூரத்தில் எறும்பு மாதிரி ஆரம்பித்து ஏறிக்கொண்டே வந்தது. மூட்டையை வாங்கிக்கொண்டு எதற்கு இந்தப் பக்கம் வருகிறான் என்று நினைத்தபடி வாசலுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இப்போது வேகத்தடை வரும், இப்போது அடங்கும், என் வேலையை நானே தூரத்திலிருந்து கேட்கப் போகிறேன் என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

அடங்கவில்லை. வேகத்தடைக்கு நேராக வந்தும் அடங்கவில்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. எங்கே விட்டுப்போச்சு, எர்த்தா, காந்தம் விழுந்துவிட்டதா என்று மனம் ஒயர் ஒயராகத் தேடியது. அதற்குள் வண்டி வேகத்தடையில் எகிறி, இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பி விழுந்து, என்னைக் கடந்து போனது. சோபா சீட்டில் என் கணவர். பச்சைக் கரைத் துண்டால் அவரை அவன் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தான். தலை ஒரு பக்கம் தொங்கி ஆடியது. மடியில் வலது கை, கிழிந்த வேட்டியில் சுற்றிக் கிடந்தது. வேட்டி முழுக்கச் சிவப்பு. பாட்டு முழுச் சத்தத்தில் அலறியது.

ஒயரில் கோளாறே இல்லை. அவன் வேகத்தைக் குறைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆட்டோவில் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டி வாசலில் சாய்ந்து கிடந்தது. சாவியைக்கூட எடுக்கவில்லை. பாட்டு ஈனக்குரலில் ஓடிக்கொண்டிருந்தது. சுவரோரம் கிடந்த செங்கல்லை எடுத்தேன். நானே சரிசெய்த ஸ்டீரியோவை நானே அடித்தேன். முகப்பு நொறுங்கியது, ஸ்பீக்கர் கிழிந்தது, என் கையும் கிழிந்தது. வாட்ச்மேனும் யாரோ இரண்டு பேரும் பிடித்து இழுக்கிறவரை அடித்தேன்.

நடந்ததை என் கணவரும் அவனும் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றுதான். வில்லியனூர் தாண்டி, ஆற்றுப்பாலமும் தாண்டி, கரும்பு நிற்கிற இடத்தில் ஒரு வேகத்தடை. என் கணவர் அங்கேதான் அவனை எட்டிப் பிடித்தார். ஹெல்மெட்டின் கண்ணாடி இறங்கியிருந்தது. முகம் தெரியாது. இடது கையால் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு வலது கையால் மூட்டையைத் தூக்கிக் காட்டினார். அவன் வண்டியை நிறுத்தி, இறங்கி, காத்திருந்தான். ஸ்கூட்டர் பக்கத்தில் வந்ததும் நீட்டிய கையை முறுக்கி மூட்டையைப் பிடுங்கினான். துண்டு அவிழ்ந்து விழுந்தது, அரிவாள் அவன் கையில். வெட்டினான். தலைக்குத்தான் குறி. என் கணவர் கையைக் குறுக்கே தூக்கிவிட்டார். இரண்டாவது முறை ஓங்கியபோதுதான் கீழே கிடந்த பச்சைக் கரை அவன் கண்ணில் பட்டிருக்கிறது.

மீன்காரர் விஷயத்தில் நான் போட்ட கணக்கு எவ்வளவு முட்டாள்தனமானது! சத்தம் இருந்தபோது அவன் திடுக்கிட்டு உதைத்தான். சத்தம் இல்லாதபோது தயாராக நின்றான். அவனுக்குத் தயாராகிற நேரத்தை வாங்கிக் கொடுத்தது நான் இழுத்த ஒயர்.

கையைத் தைத்துச் சேர்த்தார்கள். கை பிழைத்தது, விரல்கள் மடங்குவதில்லை. இப்போது டீ கிளாஸை இடது கையால்தான் எடுக்கிறார். யாராவது எதையாவது மறந்து போனால் இன்றும் எழுந்துவிடுகிறார். நான் ஷட்டருக்கு நடுவில் போய் நின்றுகொள்கிறேன்.

அன்று உள்ளே தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால், ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். உதடு வெளுத்திருந்தது. "நீ செஞ்ச வேல சுத்தம் மே. ஸ்லோ பண்ணதும் பாட்டு டக்குனு அடங்கிடுச்சு. நான் அண்ணே அண்ணேன்னு கூப்ட்டது எனக்கே நல்லா கேட்டிச்சு." கதவு மூடியது.

வராந்தாவின் கோடியில் அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். போலீஸ் இன்னும் வரவில்லை. ஓடிப்போகவும் இல்லை. சட்டை, கழுத்து, தழும்பு எல்லாம் என் கணவரின் ரத்தம். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு போனேன். முகத்தில் அடித்தேன். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

"அண்ணே அண்ணேன்னு கூப்ட்டாரே! அதுகூடவா உன் காதுல வுழல?"

"வுழுந்திச்சும்மா" என்றான். "நல்லா கேட்டிச்சு. அன்னிக்கு என் மச்சான வெட்டுனவனும் பின்னால வந்து அண்ணேன்னுதான் கூப்ட்டானாம். எனக்குத்தான் அப்ப கேக்கல."